பதினொரு நாள் கூலி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, காது வலி இல்லாமல், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாங்கள் நான்கு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அந்தத் தொலைபேசி வந்தபோது வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அப்பா, அண்ணி. நான் சமையலறை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா நீரேற்று நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து, படுக்கப் போகாமல் நாற்காலியிலேயே சாய்ந்து செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணிக்கு அன்றைக்கு மருந்துக்கடையில் மதியத்துக்கு மேல்தான் வேலை, ஜன்னலோரம் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கே போய்விட்டான், அதனால் அவன் உனக்கு ஏதாவது சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, நடந்த இடத்தில் இல்லாதவன் சொல்வதுதான் எப்போதும் நீளமாக இருக்கும்.

பேசியவர் உன் கடற்புல் ஆய்வுக்கு நல்கை கொடுத்த குழுவின் செயலாளர் அம்மா. வருஷத்துக்கு ஆறே ஆறு மாணவர்களுக்குத்தான் கடலைப் பற்றிப் படிப்பதற்கு அவர்கள் பணம் கொடுக்கிறார்கள், அதில் நீ ஒருத்தி என்று தெரிந்த நாளில் நான் ஆண்டவன் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். அந்த அம்மாவின் குரலைக் கேட்டதும் நான் பயப்படவில்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். ஏனென்றால் பத்து நாளைக்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை, பாராட்டு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், கோபப்படுவதானால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. நல்கைப் பணம் நம் இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் இருக்கிறது, நீ கேட்கக் கேட்க நான் அனுப்புகிறேன், நீ சீட்டுகளை உறையில் போட்டு அனுப்புகிறாய், நான் தலைப்பு தலைப்பாக எழுதி வைக்கிறேன், இதுவரை ஒரு சீட்டு தவறியதில்லை. பாதிக் காலம் முடிந்ததும் கணக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்களே, அதற்காக எல்லாத் தலைப்பையும் கூட்டிப் பார்த்தேன். படகு பெட்ரோல் சரியாக இருந்தது. கண்ணாடிப் புட்டி, அளவுச் சட்டம் செய்த வெள்ளைக் குழாய், மூச்சுக்குழாய், எல்லாம் சரியாக இருந்தது. துணை ஆள் கூலி என்ற தலைப்பில் மட்டும் பணம் மிஞ்சியது. நீதான் எழுதியிருந்தாய், அம்மா, துணை ஆள் கூலியை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், அப்படியே இருக்கட்டும், நான் சொல்லும்போது அனுப்பு என்று. நான் அதைப் படித்துவிட்டு என் பெண் கட்டுசெட்டாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் கொடுத்த அச்சுத்தாளை எடுத்து நான்கு தடவை படித்தேன், அதில் ஏழாவது விதி, ஒரு தலைப்பில் மிஞ்சுவதை அனுமதி வாங்காமல் வேறு எதற்கும் தொடக்கூடாது, திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருந்தது. நான் திருப்பிக் கட்டிவிட்டேன். வங்கிக்குப் போய்க் கட்டி, ரசீதைக் கணக்கோடு குண்டூசியால் குத்தி அனுப்பினேன். அப்பா அன்றைக்கே கிண்டல் செய்தார், "ஆடிட்டரம்மா, குடுத்த பணத்தைத் திருப்பிக் குடுத்த மொத ஆளு நீதான், அவங்களுக்கு அதை வாங்கி எங்க வைக்கிறதுன்னே தெரியாது" என்று. எனக்கு அதுவும் பாராட்டாகத்தான் பட்டது.

செயலாளர் அம்மா நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். "உங்க கணக்கு அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா, இங்க எல்லாரும் எடுத்து எடுத்துப் பாத்தோம்" என்றார். நான் அண்ணியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டேன். அதற்கு அப்புறம் அவர், "ஒரே ஒரு சந்தேகம். படகு பெட்ரோல் சீட்டு இருபது இருக்கு, அப்ப இருபது நாள் கடலுக்குப் போயிருக்காங்க. துணை ஆள் சீட்டு ஒன்பதுதான் இருக்கு. மீதி பதினொரு நாள் படகுல யாரும்மா இருந்தாங்க?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "யாரும் இல்லீங்க, பொண்ணு மிச்சம் பிடிச்சிருக்கா" என்றேன். பெருமையாகச் சொன்னேன் மகளே. சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அண்ணி துவட்டுவதை நிறுத்திவிட்டாள். அப்பா முகத்தில் இருந்த செய்தித்தாள் கீழே விழுந்தது, அவர் அதை எடுக்கவில்லை.

வலை தைக்கிற அக்கா என்று நீ முதல் மாதத்தில் பக்கம் பக்கமாக எழுதினாயே. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீ இறங்குவாய், மறுமுனை படகில் அக்கா கையில் இருக்கும், ஒரு தடவை இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், இரண்டு தடவை இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். நீ அளவுச் சட்டத்தைக் கடலடித் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை புல் என்று எண்ணி முடிக்கும் வரை அவர் படகில் உட்கார்ந்து கரைக்குக் கேட்கிற மாதிரித் திட்டிக்கொண்டிருப்பார், "இந்தப் புல்ல எண்ணி என்னடி செய்யப் போற, ஆடு மேய்க்கவா" என்று கேட்பார் என்று எழுதியிருந்தாய், அதை நான் வாய்விட்டுப் படித்து அப்பா சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. கூலிச் சீட்டில் அவர் போடுகிற கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது, கடைசி எழுத்துக்கு மீன்வால் மாதிரி ஒரு இழுப்பு இழுப்பார். அந்த ஒன்பதாவது சீட்டுக்கு அப்புறம் அந்த வாலைக் காணவில்லை என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அதே மாதம் நீ எழுதியிருந்தாய், அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அக்கா அங்கே போயிருக்கிறார், திரும்பி வர நாளாகும் என்று. நான் உட்கார்ந்து அந்தக் குழந்தைக்கு நூல் தொப்பி பின்னி அனுப்பினேன். தொப்பி பின்னத் தெரிந்தது, அக்கா அங்கே போய்விட்டால் கயிறு யார் கையில் என்று கேட்கத் தெரியவில்லை. கடிதம் ஒரு கட்டில் இருந்தது, சீட்டு ஒரு கட்டில் இருந்தது, இரண்டையும் எழுதியவள் நீ, இரண்டையும் அடுக்கி வைத்தவள் நான். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் ஒரு தீப்பெட்டி குறைந்தால் கண்டுபிடிக்கிறவள், ஒரு ஆள் குறைந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. மிஞ்சிய தொகை பதினொரு நாள் கூலி என்று என் கையால் எழுதிக் கூட்டல் சரிபார்த்துச் சின்னதாக ஒரு கோடும் போட்டிருக்கிறேன். அது பணம் இல்லை, படகில் ஆள் இல்லாமல் நீ தண்ணீருக்குள் இருந்த பதினொரு நாள் என்பது எனக்குத் தெரியவில்லை. சுத்தமான கணக்கு என்று மனசுக்குள் ஒரு கர்வம் இருந்தது, அதை ஆண்டவன் எந்த இடத்தில் கை வைத்து அழுத்தியிருக்கிறான் பார்.

செயலாளர் அம்மா கோபமாகப் பேசவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தண்ணீரில் ஒருத்தர், படகில் ஒருத்தர் என்பது அவர்களுடைய முதல் விதியாம், ஏழாவது விதியை நான்கு தடவை படித்த நான் முதல் விதியை ஒரு தடவைகூட நிறுத்திப் படிக்கவில்லை. ஏன் அப்படிச் செய்திருப்பாள் என்று கேட்டார். நான் யோசித்துச் சொன்னேன், தண்ணீரின் சூட்டை அளக்கிற கருவி ஒன்று கையை விட்டுப் போய்விட்டது என்று எழுதியிருந்தாள், அதைத் திரும்ப வாங்குவதற்காகக் கூலியைச் சேர்த்து வைத்திருப்பாள் என்று. அப்படித்தானே? நீ சொல்லவில்லை, நானாகக் கூட்டிப் பார்த்ததுதான். அதற்கு அவர், "கேட்டிருந்தா குடுத்திருப்போமேம்மா, தொலைஞ்ச கருவிக்குன்னே தனியா கொஞ்சம் வச்சிருக்கோம், வருஷா வருஷம் ரெண்டு பேராவது தொலைக்கிறாங்க" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அது இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. "நாங்க குடுக்கிறது சின்னப் பணம். அதுக்காக ஒரு பொண்ணு தண்ணியில போனா அதை நான் எந்தத் தலைப்புல எழுதுவேன், நீங்களே சொல்லுங்க" என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகு அப்பா உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உன்னைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயரைச் சொல்லி, "நண்டு என்னை மாதிரியே பண்ணியிருக்கா" என்றார். எனக்குப் புரியவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் அப்பா முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்து வந்தார், சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டேன் என்றார், மருந்து போட்டவள் நான்தான். அது சைக்கிள் இல்லையாம். நிலையத்தில் தரைக்கடியில் இருக்கிற பெரிய தொட்டியில் ஒரு அடைப்பான் இறுகிவிட்டதாம், மேலே ஒருவர் இல்லாமல் கீழே ஒருவர் இறங்கக்கூடாது என்பது அங்கே சட்டம், கூட வேலை செய்கிறவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம், ஐந்து நிமிஷ வேலைதானே என்று அப்பா தனியாக இறங்கியிருக்கிறார். ஏணிப் பாசியில் கால் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்து, கழுத்தளவு தண்ணீரில் ஒரு குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். மேலே யந்திரம் ஓடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும். வீட்டுக்குக் கிளம்பிய அந்த ஆள் குடையை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்ததால்தான் அப்பா இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "ஒரு குடை, அவ்வளவுதான்" என்றார். இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அண்ணி, "என்ன மாமா இது, அப்பாவும் பொண்ணும் சேந்து அத்தையை உயிரோட வைக்கிறதா வேண்டாமா" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அப்பாவிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நடந்து முடிந்த ஆபத்துக்கு இப்போது பயந்து என்ன ஆகப்போகிறது என்று தெரியும், ஆனாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன்.

செவ்வாய் மதியத்திலிருந்து உன் ஆய்வு நிலையத்துக் காவல் அறை எண்ணுக்குப் பேசிப் பார்த்தேன், உன் கைபேசி படகுத்துறையில் மட்டும்தான் எடுக்கும் என்று தெரியும். முதல் நாள் யாரும் எடுக்கவில்லை. புதன் காலை காவல்காரர் எடுத்தார், "பாப்பா தண்ணியில இருக்கும்மா" என்றார். கூட யார் என்று கேட்டேன். "நான் கேட்டுக்குத்தாம்மா காவல், கடலுக்கு இல்ல" என்றார் அந்த மனுஷன். அன்று நான் சோற்றில் கை வைக்கவில்லை, மாலை நான்கு மணிக்குத் திரும்பப் பேசி, நீ கரைக்கு வந்துவிட்டாய் என்று கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன். அப்படியென்றால் அது இருபத்தோராவது நாள், பன்னிரண்டாவது தடவையாகத் தனியாகப் போயிருக்கிறாய், இல்லையா. வியாழன் பேசியபோது, நான் பேசச் சொன்னதை உன்னிடம் சொன்னாரா என்று கேட்டேன், "சொன்னேனே, சரின்னுச்சு" என்றார். சரி என்றால் என்ன அர்த்தம் மகளே, படகுத்துறைக்கு நடந்து வந்து இரண்டு நிமிஷம் பேச உனக்கு நேரமில்லையா, இல்லை நான் என்ன கேட்பேன் என்று தெரிந்து பேசாமல் இருக்கிறாயா. குழுவிலிருந்து உனக்கும் நேராக ஏதாவது சொல்லியிருப்பார்களோ, அம்மாவால்தான் மாட்டிக்கொண்டோம் என்று மனசு கசந்திருக்கிறாயோ என்று எல்லாம் தோன்றுகிறது. மாட்டிவிட்டது நான்தான், அதை மறுக்கவில்லை. தெரிந்து செய்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் உன்னிடம் முதலில் கேட்டுவிட்டுச் செய்திருப்பேன், அந்த ஒரு தப்புக்கு மன்னித்துக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் பிரார்த்தனைக்கு உட்கார முடியவில்லை. குழு இருபதாம் தேதி கூடுகிறது. அதற்குள் அந்தப் பதினொரு நாளுக்கு விளக்கம் வந்தால்தான் இரண்டாவது தவணை, இல்லாவிட்டால் நிறுத்தி வைப்பார்கள். அந்தத் தவணை வராவிட்டால் மீதி நாட்களுக்குப் படகு இல்லை, எடுத்து வைத்த புல்லைச் சோதிக்க ஆய்வுக்கூடக் கட்டணம் இல்லை, நீ இத்தனை மாதம் வெயிலில் எண்ணியது பாதியில் நிற்கும். அண்ணி புதன்கிழமை ராத்திரி சொன்னாள், "அக்கா காசு வாங்காம சும்மா கூட வந்தாங்கன்னு எழுதிட்டா முடிஞ்சுது அத்தை, இல்லேன்னா சீட்டுப் புத்தகம் ஒண்ணு இங்கதான இருக்கு, பதினொரு சீட்டு எழுதி, விட்டுப்போச்சுன்னு அனுப்பிட்டா அவங்க என்ன படகுல ஏறியா பாக்கப் போறாங்க" என்று. அவளைத் தப்பாக நினைக்காதே, உன் மேல் உள்ள பாசத்தில் சொன்னது. நான் அவளை அதட்டினேன். அதட்டிவிட்டு, எல்லோரும் படுத்த பிறகு, அந்தச் சீட்டுப் புத்தகத்தை நானே எடுத்தேன். தேதி எழுதினேன். துணை ஆள், ஒரு நாள் என்று எழுதினேன். தொகை எழுதினேன். அந்த மீன்வால் கையெழுத்து எனக்கு அத்துப்படி, போட்டிருந்தால் அவருக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது. அந்த இடத்தில் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. பாவம் என்று பயந்தது ஒரு பக்கம். அதைவிட ஒன்று தோன்றியது. நான் அந்தக் கையெழுத்தைப் போட்டால் காகிதத்தில் உன் படகில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். குழுவுக்கு நிம்மதி, உன் பேராசிரியருக்கு நிம்மதி, எல்லோரும் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுவார்கள், நீ மட்டும் தண்ணீருக்குள் தனியாகத்தான் இருப்பாய், அதற்கு அப்புறம் உன்னைப் பற்றிக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்தச் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உனக்கும் அந்த யோசனை வரும், வந்திருந்தாலும் வந்திருக்கும், அதனால்தான் என் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். நீயும் பேனாவை எடுத்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடு.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செயலாளர் அம்மாவுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, கருவி தொலைந்தது எந்தத் தேதி, அக்கா போனது எந்தத் தேதி, தனியாகப் போனது எந்தெந்த நாள், ஒன்றையும் குறைக்காதே, புதன்கிழமையையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று எழுது. ஏன் செய்தாய் என்பதை இரண்டு வரியில் எழுது, அழுது எழுதாதே. இனிமேல் தனியாக இறங்க மாட்டேன் என்று எழுதி, நிலையப் பொறுப்பாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கு. நான் திருப்பிக் கட்டிய பணத்தை அவர்கள் இன்னும் வரவில் ஏற்றவில்லையாம், உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்களாம், அவர் சொன்ன விதத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. துணை ஆளுக்கு நான் ஒரு வழி பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை அந்தக் காவல்காரரிடமே கேட்டேன், அங்கே காலை நேரத்தில் படகில் உட்கார யாராவது கிடைப்பார்களா என்று. "என் வீட்டுக்காரி நல்லா நீந்துவா, காலையில சும்மாத்தான் இருக்கா, ஆனா அவளுக்கு வாயை மூடிக்கிட்டு உக்கார வராதும்மா" என்றார். பேசட்டும், பேசுகிற ஆள்தான் வேண்டும், பேச்சு நின்றால் உனக்கும் தெரியும், கயிறு அசைந்தால் அவருக்கும் தெரியும் என்றேன். அவருக்கு முதல் வாரக் கூலியை வீட்டுச் செலவிலிருந்து அனுப்பியிருக்கிறேன், அது நல்கைக் கணக்கில் வராது, தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மா படகில் ஏறாத நாளில் நீயும் ஏறாதே. ஒரு நாள் விட்டால் ஆய்வில் ஓட்டை விழுமே என்பாய். விழட்டும். நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் ஆள் இல்லை என்று எழுது. நான் கணக்கில் தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதுவேன், ஒரு நாளும் நிரப்பி எழுதியதில்லை, உன் பேராசிரியர்கள் என்னைவிடப் படித்தவர்கள், அவர்களுக்கு வெற்றுக் கட்டத்தைப் படிக்கத் தெரியாதா.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி நான்கு நாள் ஆயிற்று, மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு மாத்திரை சாப்பிட மறக்கிறாள். அண்ணனுக்கு வண்டியில் தூர ஓட்டம் வந்திருக்கிறது, வாரத்தில் இரண்டு இரவு வீட்டில் இல்லை, வந்ததும் முதல் கேள்வி உன்னைப் பற்றித்தான். குளியலறைக் குழாய் திரும்பவும் ஒழுகுகிறது, ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றுகிறவர் வீட்டுக் குழாயைப் பார்க்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது, நான் வாளி வைத்திருக்கிறேன். அப்பா ஒரு பையில் இரண்டு சட்டையும் ஒரு துண்டும் எடுத்து வைத்துவிட்டார், பதினாறாம் தேதிக்குள் உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் கிளம்பி வந்து படகில் நானே உட்காருகிறேன் என்கிறார். அவருக்குப் பேருந்தில் போனாலே தலை சுற்றும், படகில் ஏறினால் நீ புல்லை விட்டுவிட்டு அவரைத்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவருக்கு விடுப்பும் இல்லை, அதனால் அவர் வராமல் இருப்பது உன் கையில்தான் இருக்கிறது. காதுக்கு விடுகிற சொட்டு மருந்தைக் கரைக்கு வந்ததும் விடு, ராத்திரி வரை தள்ளிப்போடாதே. முதுகுக்கு வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கு. கருவியில் ஒரு நூலைக் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள், நூல் உறையில் வைத்திருக்கிறேன், நானே நான்கு புரியாக முறுக்கியது, அறுந்துபோகாது.

கருவி தொலைந்ததை எங்களிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்போம் என்று பயந்தாயா? திட்டியிருப்பேன், ஒரு பத்து நிமிஷம் திட்டியிருப்பேன், அதற்கு அப்புறம் வழி தேடியிருப்பேன். சின்னப் பணத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய் என்று உனக்குப் பழக்கியவள் நான்தான், அதில் எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டது என் குறை. இப்போது சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்: கயிற்றைப் பிடிக்கிற கைக்குக் கொடுக்கிற கூலியில் மிச்சம் பிடிக்கக்கூடாது. தண்ணீரைப் படைத்தவன் உன்னைக் கைவிட மாட்டான், நான் காலையிலும் மாலையிலும் அவனிடம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அவனும் குடையை மறந்த ஒரு ஆளை அனுப்பித்தான் அப்பாவைக் காப்பாற்றினான், அதனால் படகில் உட்கார ஒரு ஆள் இருக்க வேண்டும். நீ நீண்ட ஆயுளோடு, எண்ண நினைத்ததை எல்லாம் எண்ணி முடித்து, படிப்பில் பெயர் வாங்கி, சிரித்த முகத்தோடு வீடு வந்து சேர அப்பாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம், அண்ணனும் அண்ணியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். புதன்கிழமைக்குப் பிறகு போன பெட்ரோல் சீட்டு இருந்தால் அதையும் அனுப்ப மறக்காதே, கூடவே துணை ஆள் சீட்டு இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை.

இது திங்களன்று கரைத் தபால் நிலையத்துக்கு வந்து, செவ்வாய்க்கிழமை உங்கள் நிலையத்துக்கு வருகிற சாமான் வண்டியில் உன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், அந்த வண்டி அன்று மாலையே திரும்புகிறது. செயலாளர் அம்மாவுக்கு எழுதுவதைப் பொறுமையாக எழுது, எனக்கு ஒரு வரி போதும். கயிற்றின் மறுமுனை இப்போது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் எழுதி, அதே வண்டியில் பதில் அனுப்பு.